பயணத்துக்கென்று தனிக் கேமரா வாங்கலாமா, போன் போதுமா?

மார்ச் 2, கேள்வி

அடுத்த மாதக் கடைசியில் குடும்பத்தோடு பத்து நாள் பயணம். முதலில் மலை, நடுவில் காட்டுக்குள் சஃபாரி, முடிவில் கடற்கரை. நான், மனைவி, ஏழு வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பிள்ளைகள், என் அம்மா. கையில் இருப்பது மூன்று வருடப் பழைய போன், நல்ல போன்தான். லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய மிரர்லெஸ் கேமரா ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், கிட் லென்ஸோடு (பெட்டியிலேயே சேர்ந்து வரும் சாதாரண ஜூம் லென்ஸ்) வருகிறது. 'போனை விட எந்தக் கேமராவும் நன்றாக எடுக்கும், யோசிக்காமல் வாங்கு' என்கிறார் நண்பர். வாங்கலாமா?

மார்ச் 2, இரவு, பதில்

உங்கள் நண்பர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 'போன் இருக்கும்போது கேமரா எதற்கு' என்பவர்கள் பேச்சையும் கேட்க வேண்டாம். எந்த மாதிரிப் படம் உங்களுக்குப் போனில் கிடைக்காமல் போகிறது என்று தெரிந்தால்தான் எதை வாங்குவது, வாங்குவதா வேண்டாமா என்பதெல்லாம் தெளிவாகும்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். கடந்த பயணத்தின் படங்களை எடுத்து வைத்து, மனசுக்குப் பிடிக்காதவற்றை மட்டும் தனியே பொறுக்குங்கள். ஒவ்வொன்றும் ஏன் பிடிக்கவில்லை என்று பாருங்கள். நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். தேறாத படங்களில் பெரும்பாலானவற்றுக்கும் போனுக்கும் சம்பந்தமே இல்லை. உச்சி வெயிலில் எடுத்ததால் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழுந்த முகங்கள். இரண்டடி முன்னால் போய் எடுத்திருந்தால் நன்றாக வந்திருக்கும் படங்கள். பின்னால் நிற்கும் கம்பம் தலைமேல் முளைத்த மாதிரி இருக்கும் படங்கள். இதையெல்லாம் எந்தக் கேமராவும் திருத்தாது.

அதைக் கழித்த பிறகு இரண்டு ரகம் மிஞ்சியது. எட்டத்தில் இருந்த பறவையும் விலங்கும் ஒன்று. பொழுது சாய்ந்த பிறகு ஓடியாடுகிற பிள்ளைகள் இன்னொன்று. உங்கள் பயணத்தில் காடும் உண்டு, பிள்ளைகளும் உண்டு. அதனால் உங்கள் கேள்வி நியாயமான கேள்விதான். ஆனால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கிட் லென்ஸ் இந்த இரண்டுக்கும் உதவுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். கணக்குப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

மார்ச் 3

கணக்கு இதுதான். ஒரே காட்சியை, ஒரே அகலத்தில், ஷட்டரை (வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு) ஒரே அளவு நேரம் திறந்து எடுத்தால், உள்ளே வரும் மொத்த வெளிச்சம் லென்ஸ் துளையின் பரப்பைப் பொறுத்தது. துளையின் விட்டம் வேண்டுமானால், லென்ஸின் நிஜமான குவியத் தூரத்தை (லென்ஸின் மி.மீ. எண்) எஃப் எண்ணால் (லென்ஸில் எஃப் 1.8 என்பது போலக் குறித்திருக்கும் எண்) வகுக்க வேண்டும்.

நல்ல போன்களின் பிரதான லென்ஸ் ஏறத்தாழ 6.7 மி.மீ., எஃப் 1.8. விட்டம் 3.7 மி.மீ. மிரர்லெஸ்ஸில் வரும் கிட் லென்ஸ் பெரும்பாலும் 16 மி.மீ.யில் தொடங்கும், அங்கே எஃப் 3.5. விட்டம் 4.6 மி.மீ. இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலக் காட்சியைத்தான் பிடிக்கின்றன. பரப்பைக் கணக்கிட்டால் கிட் லென்ஸுக்குள் போனைப் போல ஒன்றரை மடங்கு வெளிச்சம் வருகிறது. அவ்வளவுதான். போன் அதே நேரத்தில் பல ஃபிரேம்களை எடுத்து ஒன்றாக அடுக்கிவிடுகிறது. ஆக, அசையாத காட்சியில் அந்த ஒன்றரை மடங்கும் கரைந்துவிடும். மலைக் காட்சி, விடுதி அறை, விளக்கேற்றிய தெரு, சாப்பாட்டு மேஜை என்று அகலமாக எடுக்கும் எதிலும், பெட்டியைப் பிரித்த கையோடு எடுத்தால், போனை மிஞ்சிய படம் வராது. கேமரா வாங்கிய பலர் முதல் நாளே முகம் சுருங்கிப் போவது இதனால்தான்.

சென்சார் (உள்ளே படம் பதியும் சில்லு) பெரிதாச்சே என்பீர்கள். இந்த மாதிரி மிரர்லெஸ்ஸில் இருக்கும் ஏபிஎஸ்-சி என்ற அளவுச் சென்சார் ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ., போன் சென்சாரைப் போல ஐந்து மடங்கு பரப்பு. ஆனால் சின்னத் துளை வழியே வருகிற வெளிச்சத்தைப் பெரிய சென்சாரில் பரப்பினால் அது மெலிந்துதான் விழும். பெரிய சென்சாரின் பலன் கிடைக்க அதற்கேற்ற பெரிய லென்ஸ் கண்ணாடி வேண்டும்.

மார்ச் 3, மாலை

எட்டத்துக்கான கணக்கு இன்னும் எளிது. பொருளின் உயரத்தைத் தூரத்தால் வகுத்து, லென்ஸின் மி.மீ. எண்ணால் பெருக்குங்கள். இங்கே மி.மீ. எண் என்பது பழைய 35 மி.மீ. பிலிம் அளவுக்கு மாற்றியது. வருகிற விடையைப் பிலிம் ஃபிரேமின் உயரமான 24 மி.மீ.யோடு ஒப்பிட்டால், படத்தில் அந்தப் பொருள் எவ்வளவு உயரம் இருக்கும் என்று தெரிந்துவிடும்.

ஒரு மீட்டர் உயர மான், 50 மீட்டர் தூரத்தில் நிற்கிறது. போனின் பிரதான லென்ஸ் 26 மி.மீ. என்று வைத்தால், மானின் உயரம் ஃபிரேமில் அரை மில்லிமீட்டர். 12 மெகாபிக்சல் படத்தில் 65 பிக்சல். பெரிதாக்கிப் பார்த்தால் பழுப்பு நிறத் தீற்றல் ஒன்று இருக்கும், காது எங்கே முடிகிறது, இலை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. போனின் மென்பொருள் போதாக்குறைக்குக் கொம்பின் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒன்றை இழுத்து வைத்திருக்கும்.

போனில் 3 மடங்கு டெலி லென்ஸ் (எட்டத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ்) இருந்தால் 195 பிக்சல், 5 மடங்கு இருந்தால் 325.

இப்போது உங்கள் கிட் லென்ஸ். அதன் எட்டம் 50 மி.மீ., ஏபிஎஸ்-சி சென்சாரில் அது 75 மி.மீ.க்குச் சமம். 24 மெகாபிக்சல் படத்தில் மான் 250 பிக்சல். போனின் 3 மடங்குக்குக் கொஞ்சம் மேல், 5 மடங்குக்குக் கீழ். காட்டுக்குள் இதைத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்வது? அதே உடலில் 55–210 என்றோ 55–250 என்றோ வரும் இரண்டாவது லென்ஸைப் போட்டால் மான் 1,000 பிக்சலைத் தாண்டிவிடும், ஃபிரேமின் உயரத்தில் கால் பங்கு. அங்கே கண்ணும் தெரியும், மீசை முடியும் தெரியும்.

மார்ச் 5

மேலே எழுதியதைப் படித்த ஒருவர், 'அப்படியானால் கிட் லென்ஸ் தண்டமா?' என்று கேட்கிறார். அப்படித் தள்ளிவிட முடியாது. அகலக் கோணத்தில்தான் அது போனோடு சமமாக நிற்கிறது. 50 மி.மீ. முனையில் எஃப் 5.6 என்றாலும் துளையின் விட்டம் 9 மி.மீ. அதே அளவு காட்சியைப் பிடிக்கும் போனின் டெலி லென்ஸில் விட்டம் 3 மி.மீ.தான் இருக்கும். பரப்பில் எட்டு மடங்கு வித்தியாசம். அம்மாவின் முகத்தை ஓரளவு நெருக்கமாக, நல்ல வெளிச்சத்தில் எடுக்க அந்த முனை அருமையாக உதவும். தோலின் சுருக்கம் மெழுகு பூசியது போல ஆகாமல் அப்படியே வரும்.

ஆக, கிட் லென்ஸ் கேமராவை எடுப்பவர்கள் அகலமாக எடுப்பதைப் போனுக்கு விட்டுவிட்டு, கேமராவை எப்போதும் அந்த நீண்ட முனையிலேயே வைத்துக்கொண்டால் வாங்கியதற்குப் பலன் உண்டு. காட்டு விலங்குக்கு அதுவும் போதாது.

மார்ச் 6

'3,000 மி.மீ. வரை ஜூம் ஆகும் கேமரா இருக்கிறதே, ஒரே கேமராவில் எல்லாம் முடிந்துவிடாதா?' இது இன்னொருவர் கேள்வி.

நிக்கான் கூல்பிக்ஸ் பி1000. 2018இல் வந்தது, 24 முதல் 3,000 மி.மீ. வரை. நிலவை ஃபிரேம் நிறைய எடுக்கலாம். நிலவுக்கும் ஒரு குறுக்குக் கணக்கு உண்டு. மி.மீ. எண்ணை 110ஆல் வகுத்தால் ஃபிரேமில் நிலவின் விட்டம் வரும். 3,000 என்றால் 27 மி.மீ., ஃபிரேமின் உயரத்தையே தாண்டுகிறது. போனின் பிரதான லென்ஸில் கால் மில்லிமீட்டர் கூட வராது.

பறவைக்கும் நிலவுக்கும் மட்டுமே என்றால் ஆசைப்பட வேண்டிய கருவிதான். குடும்பப் பயணத்துக்கு வேண்டாம் என்பேன். எடை 1.4 கிலோ. அதோடு சென்சார் மிகச் சிறியது, அகல முனையில் துளையின் விட்டம் ஒன்றரை மி.மீ.தான். போனோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்கு வெளிச்சம். விடுதி அறைக்குள் பிள்ளைகளை எடுத்தால் போன் படத்தை விட மோசமாக இருக்கும். அப்புறம், வெயில் நேரத்தில் அவ்வளவு எட்டம் எடுத்தால் நடுவில் இருக்கும் சூடான காற்று அலையடித்துப் படத்தைக் கலக்கிவிடும். லென்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காற்றை ஒன்றும் செய்ய முடியாது.

பையில் அடங்க வேண்டும், ஒரே கருவியாக இருக்க வேண்டும் என்பவர்களுக்குச் சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் ஏழாவது மாடலைச் சொல்வேன். 2019இல் வந்தது, 302 கிராம், 24–200 மி.மீ., ஒரு இன்ச் ரக சென்சார் (ஏபிஎஸ்-சியை விடச் சின்னது). 200 முனையில் துளை 16 மி.மீ. நம் மான் அதில் 600 பிக்சல். சட்டைப் பையில் கொஞ்சம் பிதுங்கினாலும் உள்ளே போய்விடும்.

இந்த ரகக் கேமராக்கள் ஏன் இவ்வளவு குறைந்துவிட்டன என்று யோசித்தால் மேலே உள்ள துளைக் கணக்கே பதில் சொல்கிறது. 2010இல் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன. 2023இல் அது 80 லட்சத்துக்கும் கீழே. போனை விடச் சின்னத் துளை கொண்ட கையடக்கக் கேமராக்கள்தான் அடிபட்டுப் போனவற்றில் பெரும்பங்கு. பெரிய கண்ணாடி உள்ளவை நிற்கின்றன.

மார்ச் 9

பிள்ளைகள் விஷயம். இதை நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் தள்ளிப்போட்டேன். என்னைக் கேட்டால் பயணப் படங்களில் இதுதான் முக்கியம். மலை அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். நாலு வயதுப் பிள்ளை இருக்காது.

ஓடுகிற பிள்ளையை உறைய வைக்க ஷட்டர் 1/250 வினாடியாவது வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், நிழலான முற்றத்தில், போன் தானாக 1/30க்கு இறங்கிவிடும். பல ஃபிரேம்களை அடுக்கும் வித்தை இங்கே எதிராக வேலை செய்கிறது. ஒவ்வொரு ஃபிரேமிலும் கை வேறு இடத்தில் இருக்கிறதே! சட்டையின் பொத்தான் கூர்மையாக இருக்கும், முகம் கலங்கியிருக்கும். கை நடுங்காமல் காக்கும் ஸ்டெபிலைசேஷன் நம் கையை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும், பிள்ளையை நிறுத்தி வைக்காது.

35 மி.மீ., எஃப் 1.8 பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ் ஒன்றைப் போட்டால் துளை 19 மி.மீ. கிட் லென்ஸை அதே 35இல் வைத்தால் 7 மி.மீ. பரப்பில் ஏழெட்டு மடங்கு. கிட் லென்ஸில் 1/30இல் எடுக்க வேண்டிய படத்தை, அதே தரத்தில் இதில் 1/250இல் எடுக்கலாம். கலங்கிய முகத்துக்கும் சிரிக்கிற முகத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த எட்டு மடங்கில் இருக்கிறது. ஜூம் கிடையாதே என்று பலர் இதை வாங்கத் தயங்குகிறார்கள். வீட்டுக்குள் எடுக்க ஜூம் வேண்டியதில்லை, இரண்டு எட்டு வைத்தால் போதும்.

அப்புறம் பின்னணியை மங்கலாக்குவது. போனின் போர்ட்ரெய்ட் மோட் தூரத்தைக் கணித்து மென்பொருளால் மங்கலாக்குகிறது. என் அம்மாவை அப்படி எடுத்த படம் ஒன்று இருக்கிறது. முதல் பார்வைக்கு அழகாக இருந்தது. பெரிதாக்கினால் மூக்குக் கண்ணாடியின் ஒரு காம்பு பாதியில் காணாமல் போய், காதுக்கு அருகே மறுபடி முளைக்கிறது. காதோரம் பறக்கும் நரைமுடிகள் மழுங்கி, வெட்டி ஒட்டியது போல ஒரு விளிம்பு. வாட்சாப்பில் அனுப்ப அது போதும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. நிஜக் கண்ணாடி மங்கலாக்கும்போது அந்த முடி ஒவ்வொன்றும் தன் இடத்தில் இருக்கும்.

மார்ச் 9, கொஞ்சம் கழித்து

மறந்துவிடுவதற்குள் சொல்லிவிடுகிறேன். கேமரா வாங்கினாலும் வாங்காவிட்டாலும், படம் எடுப்பதற்கு முன் போன் லென்ஸைச் சுத்தமான பருத்தித் துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய் படிந்த லென்ஸில்தான் விளக்கிலிருந்து நீளமான ஒளிக்கீற்றுகள் கிளம்பும், வெயிலில் படம் முழுக்கப் பால் ஊற்றியது போல வெளுக்கும். போன் பழசாகிவிட்டது என்று பலர் நினைப்பதற்குக் காரணம் இந்த அழுக்குதான்.

மார்ச் 11

'இவ்வளவு கணக்கு எதற்கு? போன இடத்தைக் கண்ணால் பார்க்காமல் கேமராவுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருப்பதா பயணம்?' என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, போனைத் தூக்கி, படம் எடுத்துவிட்டு வண்டியில் ஏறுகிறவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். ஆனால் என் அனுபவம் வேறு மாதிரி. கையில் கேமரா இருக்கும்போது நான் ஒரே இடத்தில் அதிக நேரம் நிற்கிறேன். வெளிச்சம் மலைச் சரிவில் இறங்குவதற்காகக் காத்திருக்கிறேன். மீன்கொத்தி மறுபடி அதே கிளைக்கு வரும் என்று கவனிக்கத் தெரிந்ததே அந்தக் காத்திருப்பில்தான். போனில் எனக்கு அந்தப் பொறுமை வருவதில்லை. எடுத்த கையோடு செய்தி வந்திருக்கிறதா என்று கண் போய்விடுகிறது.

என் அப்பாவிடம் பிலிம் கேமரா இருந்தது. ஒரு சுருளுக்கு 36 படம். முழுப் பயணத்துக்கும் ஒரே சுருள் என்றால், விரல் பொத்தானில் இருக்கும்போதே 'வேண்டாம்' என்று இறக்கிவிடுவார். அந்தப் படங்கள் எல்லாம் இன்றும் இருக்கின்றன. அப்பா மட்டும் அவற்றில் இல்லை. அவர்தானே எடுத்தார். அதனால் கேள்வி கேட்டவருக்கு ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். கேமராவை மனைவியிடமும் கொடுங்கள், பெரிய பிள்ளையிடமும் கொடுங்கள். நீங்களும் படத்தில் இருக்க வேண்டும்.

மார்ச் 14

முதல் குறிப்பில் எட்டம், மங்கிய வெளிச்சத்தில் ஓட்டம் என்ற இரண்டை மட்டும் சொன்னேன். மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அது வ்யூஃபைண்டர், கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னல்.

இன்று நண்பகலில் போனை வைத்து மரத்தில் இருந்த குருவியை எடுக்கப் பார்த்தேன். திரையில் தெரிந்தது என் முகமும் வானமும்தான். வெளிச்சத்தை முழுக்கக் கூட்டியும் குருவி ஃபிரேமுக்குள் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை, குத்துமதிப்பாக அழுத்தினேன். கேமராவைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தால் இந்தச் சிக்கல் இல்லை. முகத்தோடு சேர்த்து, முழங்கையை உடம்போடு ஒட்டி வைப்பதால் கை ஆட்டமும் குறைகிறது. நீண்ட லென்ஸுக்கு இது மிக முக்கியம். கடற்கரை, பனி, திறந்த ஜீப் என்று வெயிலில் எடுப்பவர்கள் வ்யூஃபைண்டர் இல்லாத கேமராவை வாங்காதீர்கள். விலையைக் குறைக்க முதலில் கழற்றப்படுவது அதுதான், அதனால் வாங்குமுன் கவனித்துப் பாருங்கள்.

மார்ச் 15

எடை. 'எவ்வளவு கிராம் வரை தாங்கும்?' என்று கேட்கிறார்கள். கிராமை விட எங்கே தொங்குகிறது என்பதுதான் விஷயம். கழுத்தில் மாட்டினால் அரைக் கிலோவே சாயங்காலத்துக்குள் கழுத்து நரம்பை இழுக்கும். குறுக்காகத் தோளில் மாட்டினால் அதே எடை தெரியாது. முதுகுப் பைக்குள் வைத்துவிட்டால் எடையே தெரியாது, படமும் கிடைக்காது. ஜிப்பைத் திறந்து, உறையிலிருந்து எடுத்து, மூடியைக் கழற்றுவதற்குள் மயில் போய்விடும்.

நாலு வயதுப் பிள்ளையைத் தூக்க ஒரு கை போய்விடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கூட வருபவர்கள் எவ்வளவு நேரம் நமக்காக நிற்பார்கள் என்பதும் எடைதான்.

மார்ச் 18

கேள்வி கேட்டவரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. பழைய படங்களைப் பொறுக்கிப் பார்த்தாராம். அவருக்கும் அதே இரண்டு ரகம்தான் மிஞ்சியதாம். இதற்கிடையில் அவருடைய மச்சினர் சோனி ஏ6000 ஒன்றைச் சும்மா வைத்திருக்கிறாராம், 55–210 லென்ஸும் உண்டாம். 'பன்னிரண்டு வருடப் பழைய மாடல், தேறுமா?' என்கிறார்.

தாராளமாகத் தேறும். அது 2014இல் வந்தது, 24 மெகாபிக்சல், அதாவது 6,000 × 4,000. 4கே டிவியில் மொத்தமே 83 லட்சம் பிக்சல்தான் இருக்கிறது. அச்சுக்குப் போனால் 20 அங்குல அகலம் வரை தாங்கும். உடல் 344 கிராம், அந்த லென்ஸ் 345 கிராம், கூட்டினால் முக்கால் கிலோவுக்குள். வ்யூஃபைண்டர் இருக்கிறது. வினாடிக்கு 11 படம் எடுக்கும். சென்சார்கள் அதற்குப் பிறகு கொஞ்சம்தான் முன்னேறியிருக்கின்றன. பெரிதாக முன்னேறியது கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸும் வீடியோவும். உங்களுக்குப் படம்தான் முக்கியம் என்பதால் புதியது வாங்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

கையில் வாங்கியதும் இதைப் பாருங்கள். லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சை. ஓரத்தில் சின்னதாக என்றால் படத்தில் தெரியாது, நடுவில் படர்ந்திருந்தால் வேண்டாம். பேட்டரி அறையைத் திறந்து பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். எஃப் 16 வைத்து வெளிர் நிற வானத்தை ஒரு படம் எடுங்கள், சென்சாரில் தூசி இருந்தால் சாம்பல் புள்ளிகளாகத் தெரியும். வ்யூஃபைண்டர் பக்கத்தில் சின்ன உருளை ஒன்று உண்டு. உள்ளே எழுத்துகள் கலங்கித் தெரிந்தால் அதைத் திருப்பி உங்கள் பார்வைக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளுங்கள். கேமரா பழுது என்று இதனாலேயே ஒதுக்கி வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

காசு செலவழித்தே தீருவேன் என்றால் 35 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்குங்கள், அல்லது பத்து நாளுக்கு வாடகைக்கு எடுங்கள். பிள்ளைகளுக்கு அது, காட்டுக்கு 55–210, மற்றதெல்லாம் போன்.

மார்ச் 20

கடற்கரைக்கு அந்தக் கேமராவை எடுத்துப் போகலாமா என்று கேட்கிறார். கரையில் நின்று எடுக்கலாம், அங்கே லென்ஸை மாற்றக் கூடாது. தூசியும் தண்ணீரும் புகாமல் காக்கும் அடைப்பு அந்த உடலில் கிடையாது. மணல் ஒரு துகள் ஃபோகஸ் வளையத்துக்குள் போனாலே நறநறவென்று சத்தம் கேட்கும். லென்ஸை அறையிலேயே மாற்றிக்கொண்டு போங்கள்.

போன் தண்ணீர் தாங்கும் என்று நம்பிக் கடலுக்குள் இறங்க வேண்டாம். ஐபி68 (தூசி, தண்ணீர் தாங்கும் தரக் குறியீடு) சோதனை ஆய்வுக்கூடத்தில், அசையாத நல்ல தண்ணீரில் நடப்பது. உப்புத் தண்ணீரும் அலையின் அடியும் அந்தக் கணக்கில் இல்லை. ரப்பர் அடைப்பும் வருடம் ஆக ஆகத் தளரும், உங்களுடையது மூன்று வருடப் போன். தண்ணீருக்குள் எடுப்பதில் நிஜமாகவே ஆசை இருந்தால் ஒலிம்பஸ் டிஜி-6 மாதிரி 15 மீட்டர் ஆழம் தாங்கும் கேமராவை வாடகைக்குப் பாருங்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

குளிர்ந்த அறையிலிருந்து புழுக்கமான வெளிக்கு வந்தால் லென்ஸ் வியர்க்கும். அரை மணி நேரம் பையை மூடியே வைத்திருந்துவிட்டுத் திறங்கள். துடைத்துத் துடைத்து எடுப்பதில் பயனில்லை, மறுபடி வியர்க்கும்.

மார்ச் 27

கேமரா அவர் கைக்கு வந்துவிட்டது, பூஞ்சை இல்லை. பயணத்துக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. எனக்கு இதில்தான் பெரிய நிம்மதி. கிளம்புவதற்கு முந்தின நாள் வாங்கிய கேமரா பயணம் முழுக்க ஆட்டோ மோடிலேயே (எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்யும் முறை) ஓடும், அதற்குப் போனே போதும்.

தினமும் சாயங்காலம் பிள்ளைகள் விளையாடும்போது எடுத்துப் பழகுங்கள். எஸ் மோடில் (ஷட்டர் நேரத்தை நாமே வைக்கும் முறை) ஷட்டர் 1/250. ஐஎஸ்ஓ (வெளிச்சம் குறையும்போது படத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) ஆட்டோவில் இருக்கட்டும், உச்ச வரம்பை 6400 வரை ஏற்றி வையுங்கள். படத்தில் குருணை தெரியுமே என்று பயப்படாதீர்கள். குருணை உள்ள தெளிவான முகம் எத்தனை வருடம் கழித்தும் பார்க்க நன்றாக இருக்கும். ஃபோகஸ் ஏஎஃப்-சி (நகரும் பொருளை விடாமல் தொடரும் முறை). விலங்குக்கு 1/500, பறவை பறந்தால் 1/1000. வண்டி ஓடும்போது எடுக்க வேண்டாம், ஓட்டுநரிடம் சொல்லி இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். இன்ஜின் அதிர்வில் 210 மி.மீ. நிலையாக நிற்காது.

ரா (கேமரா திருத்தாமல் அப்படியே தரும் பெரிய கோப்பு) எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். திரும்பி வந்து கணினியில் உட்கார்ந்து திருத்துவீர்கள் என்றால் எடுங்கள். இல்லையென்றால் கேமராவே முடித்துத் தரும் ஜேபெக் போதும். யாரும் திறக்காத ரா கோப்புகள் வட்டில் இடத்தை அடைக்கும், வேறொன்றும் செய்யாது. 'ரா எடுக்காதவன் படமெடுக்கத் தெரியாதவன்' என்கிறவர்கள் பேச்சை விட்டுவிடுங்கள்.

ஏப்ரல் 10

கடைசிக்கட்டச் சில்லறை வேலைகள். அந்தக் கேமராவில் ஒரு பேட்டரிக்கு 300 படம் சொச்சம் வரும், குளிரில் இன்னும் குறையும். அதனால் இரண்டாவது பேட்டரி அவசியம். மலையில் அதைச் சட்டைக்குள் பையில், உடல் சூடு படும்படி வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் போவதாக இருந்தால் உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. 100 வாட்-மணிக்குக் (பேட்டரியின் கொள்ளளவு) கீழே உள்ளவற்றுக்குத் தனி அனுமதி தேவையில்லை. உங்களுடையது 10 கூட வராது. முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி உறையில் போடுங்கள். சார்ஜ் ஏற்றும் துளை டைப்-சி கிடையாது, பழைய மைக்ரோ யூஎஸ்பி. அந்த வயரைத் தேடி இப்போதே பையில் போட்டுவிடுங்கள்.

கேமராவின் கடிகாரத்தைப் போனோடு ஒத்து வையுங்கள். கேமரா தானாக நேரம் மாற்றிக்கொள்ளாது. பத்து நிமிடம் தள்ளியிருந்தாலே, இரண்டின் படங்களையும் சேர்த்து அடுக்கும்போது மான் பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நிற்கும். கேமரா படத்தில் இடக்குறிப்பும் இருக்காது. ஒவ்வொரு இடத்திலும் முதலில் போனில் ஒரு படம் எடுத்துவிட்டால் எந்த ஊர் என்று பின்னால் தெரிந்துகொள்ளலாம்.

ஒரே பெரிய கார்டுக்குப் பதில் இரண்டு 64 ஜிபி கார்டுகள். கேமராவின் வைஃபை வழியாகப் போனுக்கு மாற்றுவது நேரம் தின்னும் வேலை, சின்ன கார்டு ரீடர் ஒன்று வாங்கி இரவில் அன்றன்றைக்கு மாற்றிவிடுங்கள். மச்சினரின் கார்டில் அவருடைய பழைய படங்கள் இருந்தால் அவற்றை முதலில் அவரிடம் சேர்த்துவிட்டு, அப்புறம் கேமராவிலேயே வைத்து ஃபார்மட் செய்யுங்கள்.